"எனக்கு நல்லாத்தான் திறக்குது": வலைத்தளம் கெட்டுப்போன கதைகள்

வடசேரிக்காரன்

வடசேரியில் சின்ன அளவில் வலைத்தளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கம்பெனி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மாடியில் ஓர் அறை, ஒரு லேப்டாப், நான். கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அண்ணாச்சிக்குச் செய்த தளத்தில் என் மானம் போன கதையை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

கார்த்திகை பிறந்தால் அங்கே சீசன். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ ஒரு ராத்திரி தங்கி, விடிகாலையில் சூரியனைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுவார்கள். அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, புனேலருந்து ஒரு பார்ட்டி பேசுனாரு. நம்ம வெப்சைட்டத் தொட்டா சீட்டாட்டம் வருதாம். நான் பாத்தேன், எனக்கு நல்லாத்தான் திறக்குது. நீ ஒருக்கா பாரு."

லேப்டாப்பில் முகவரியை அடித்துப் பார்த்தேன். முகப்பில் கடல், கீழே அறை வாடகை, எல்லாம் அதனதன் இடத்தில். "அந்த ஆளு போன்ல வைரஸ் இருக்கும் அண்ணாச்சி" என்றேன். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து ஒருவர் அதையே சொன்னார். அவருக்கும் அதே பதில். மூன்றாவது ஆளுக்கு அண்ணாச்சியே என் பதிலைச் சொல்லிவிட்டாராம்.

மூன்று வாரம் கழித்து வேறு ஒரு வேலையாகக் கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சுசீந்திரம் தாண்டியிருக்கும். தளத்தில் ஒரு போன் நம்பர் பார்க்க வேண்டியிருந்தது. முழு முகவரியை அடிக்கச் சோம்பல்பட்டு, கூகுளில் ஹோம்ஸ்டேயின் பெயரைத் தேடி, வந்ததைத் தொட்டேன். சட்டென்று ரம்மி மேசை விரிந்தது, தங்கக் காசுகள் கொட்டின, சத்தம் வேறு. பக்கத்து இருக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்து, "மக்கா, இதுல வெளையாடுனா பைசா உண்டா?" என்று கேட்டார்.

அவசரமாக மூடிவிட்டு மறுபடி தொட்டேன். கடல், அறை வாடகை, எல்லாம் ஒழுங்கு. இன்னொரு முறை தொட்டாலும் ஒழுங்கு. நான் கண்டது கனவா என்று எனக்கே சந்தேகம்.

அறைக்கு வந்து உட்கார்ந்து துருவியபோதுதான் புரிந்தது. உள்ளே புகுந்தவன் கண்டபடி திருப்பிவிடவில்லை. ஆள் கூகுள் வழியாக வந்திருக்க வேண்டும், போனில் வந்திருக்க வேண்டும், நிர்வாகியாக உள்ளே நுழைந்தவராக இருக்கக் கூடாது, முதல் தடவையாக இருக்க வேண்டும். நாலும் பொருந்தினால்தான் ரம்மி. ஒரு தடவை காட்டிவிட்டால் உலாவியில் ஒரு குக்கீயை, அதாவது இந்த ஆள் வந்துபோனார் என்ற சின்னக் குறிப்பை, போட்டு, அதே ஆளுக்கு மறுபடி காட்டாது. தளத்தின் சொந்தக்காரருக்கு இந்த நாலும் ஒருசேரப் பொருந்துவது அபூர்வம். அவர் முகவரியை நேராக அடிப்பார், தினமும் பார்ப்பார், பெரும்பாலும் லாகின் ஆகியே இருப்பார். வாடிக்கையாளர் பார்க்கும் தளமும் அவர் பார்க்கும் தளமும் வேறு வேறு.

சரி, சுத்தம் செய்வோம் என்று இறங்கினேன். தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது. கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன். வருகிறவரை எங்கே அனுப்புவது என்று சர்வருக்குச் சொல்லும் எச்டிஅக்சஸ் கோப்பைத் திறந்தால் வழக்கமான பத்துப் பதினைந்து வரிதான். ஆனால் பக்கவாட்டில் நகர்த்தும் பட்டை மட்டும் ரொம்பச் சின்னதாக இருந்தது. வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனால், நூற்றுக்கணக்கான வெற்றிடங்களுக்கு அப்பால் அந்தத் திருப்பிவிடும் வரி. அழித்தேன். இரண்டு நாள் நிம்மதி.

மூன்றாம் நாள் ரம்மி திரும்பி வந்தது. இந்த முறை செருகுநிரல் (பிளகின், கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் துண்டு மென்பொருள்) கோப்புறைக்குள் நேராகப் போய்ப் பார்த்தேன். நிர்வாகப் பக்கத்தில் ஒன்பது செருகுநிரல்கள், கோப்புறையில் பத்து. பத்தாவது தன்னைத்தானே பட்டியலிலிருந்து மறைத்துக்கொள்கிறது. பயனர் பட்டியலிலும் அதே தந்திரம். பட்டியலில் நிர்வாகிகள் இரண்டு பேர், மேலே எண்ணிக்கையில் மூன்று. தளத்தின் தகவலெல்லாம் இருக்கும் டேட்டாபேஸுக்குள் போய் அந்த மூன்றாவது ஆளை நீக்கினேன். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அண்ணாச்சியிடம் "முடிஞ்சுது" என்று சொல்லியும் விட்டேன்.

டிசம்பர் 31 ராத்திரி மறுபடியும். ஊரே புத்தாண்டுக்குக் கடற்கரையில் கூடி நிற்கிறது, அண்ணாச்சியின் தளம் ஆட்களைச் சீட்டாட்டத்துக்கு அனுப்புகிறது.

பழைய நகலைப் போட்டுவிடலாம் என்றால், அண்ணாச்சியின் திட்டத்தில் ஹோஸ்டிங்காரர்கள் (தளத்தைத் தங்கள் சர்வரில் வைத்திருப்பவர்கள்) வைத்திருப்பது கடைசி ஏழு நாள் நகல்தான். ஏழிலும் நோய். புனேக்காரர் சொன்ன அன்றே நம்பியிருந்தால் நல்ல நகல் ஒன்றாவது கிடைத்திருக்கலாம். நம்பாமல் போன மூன்று வாரத்துக்கு நான் கொடுத்த விலை அது.

கடைசியில் வந்துபோனவர்களின் பதிவேட்டை இறக்கி வரி வரியாகப் பார்த்தேன். ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் தினமும் அதிகாலையில் யாரோ எதையோ அனுப்பிக்கொண்டிருக்கிறான். அந்தக் கோப்பு இருந்தது தளத்திலேயே அல்ல. அண்ணாச்சிக்கு மாதிரி காட்ட 2020-ல் நான் அதே கணக்கில் போட்டு வைத்த சோதனைத் தளத்தில். அப்புறம் அதை நான் மறந்தே போனேன். ஒரு தடவைகூடப் புதுப்பிக்கவில்லை. ஒரே ஹோஸ்டிங் கணக்கு என்பதால் அதில் புகுந்தவன் பக்கத்துக் கோப்புறையிலும் எழுத முடியும். நான் இங்கே துடைக்கத் துடைக்க, அவன் அங்கிருந்து மறுபடி பூசிக்கொண்டிருந்தான்.

சோதனைத் தளத்தை அழித்தேன். மூலக் கோப்புகள், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம், செருகுநிரல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிதாக இறக்கினேன். படங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். படங்கள் இருக்கும் கோப்புறையில் பிஎச்பி கோப்புக்கு, அதாவது சர்வரில் ஓடும் நிரலுக்கு, வேலையே இல்லை, ஆனால் இரண்டு இருந்தன. டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் தளத்தின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றினேன். சாவியை மாற்றினால் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள். பொங்கலுக்கு முன்னால் ஓய்ந்தது. பணம் கேட்க முகமில்லை. அண்ணாச்சி ஒரு குலை மட்டிப்பழம் கொடுத்து அனுப்பினார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தோவாளைப் பிச்சி

எங்கள் கதை ஹேக்கே இல்லை, ஆனாலும் அன்றைக்கு ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. மாலை கட்டிக் கொடுக்கும் குடும்பம் எங்களுடையது, கல்யாண ஆர்டருக்கு ஒரு தளம் வைத்திருக்கிறோம். ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின காலை திறந்தால் எங்கள் பூவெல்லாம் போய், முழுக்க ஆங்கில விளம்பரங்கள். மாமா சந்தையிலிருந்தே "ஹேக் பண்ணிட்டானுவ, போலீசுக்குப் போ" என்று சத்தம் போட்டார்.

பார்த்தால் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதி. பெயரை வாங்கித் தந்தது வளைகுடாவில் இருக்கும் அத்தான், அவருடைய கார்டில், அவருடைய மெயிலில். புதுப்பிக்கச் சொல்லி அந்த மெயிலுக்கு நாலைந்து கடிதம் போயிருக்கிறது. அவர் அந்த மெயிலைத் திறந்தே வருஷக்கணக்காகிறது, கார்டும் காலாவதி. நல்லவேளை, காலாவதியான உடனே பெயர் பிறத்தியார் கைக்குப் போய்விடுவதில்லை, புதுப்பிக்கக் கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் தண்டப் பணத்தோடு மீட்க வேண்டும், அதற்கும் மேல் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பணம் கட்டிய பிறகும் சிலருக்கு ஒரு நாள் வரை பழைய விளம்பரமே தெரிந்தது. இப்போது பெயர் என் மெயிலில் இருக்கிறது. அத்தானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பேச்சிப்பாறை மழை

சிரிக்காதீர்கள். குலசேகரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தபோது நடந்தது. காலையில் கடை திறந்தால் எந்தத் தளத்தைத் தட்டினாலும் சிவப்பு எச்சரிக்கை, இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று. அரசுத் தளம், வங்கித் தளம் எல்லாமே. வெளியே மழை, உள்ளே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று நிற்கும் கூட்டம். "அரசு வெப்சைட்டையே ஹேக் பண்ணிட்டான்" என்று நானே ஊருக்கு அறிவித்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து ஒரு பள்ளிக்கூடப் பையன்தான் கேட்டான், "அண்ணே, இதுல ஏன் 2010 காட்டுது?" மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்துப் போயிருந்தது. ராத்திரி கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிட்டது. தான் அசல்தான் என்று தளம் உலாவிக்குக் காட்டும் சான்றிதழுக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று ஆயுள் உண்டு. 2010-ல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது. கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அந்த எச்சரிக்கையிலேயே எழுதியிருந்தது. சிவப்பைப் பார்த்த பயத்தில் ஒருத்தரும் வாசிக்கவில்லை.

மார்த்தாண்டம் தேன்

நானும் அக்காவும் தேன் விற்கிறோம். கூகுளில் எங்கள் கடைப் பெயரைத் தேடினால் தலைப்பு ஜப்பானிய எழுத்தில் வருகிறது என்று கல்லூரித் தோழி படம் எடுத்து அனுப்பினாள். தளத்தைத் திறந்தால் தேன்தான். வடசேரிக்காரர் சொன்ன அதே "எனக்கு நல்லாத்தான் திறக்குது".

கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எங்கள் முகவரியைப் போட்டுத் தேடினோம். நாங்கள் போட்டது பதினொரு பக்கம். கூகுளிடம் இருந்தது ஆயிரக்கணக்கில், எல்லாம் கைக்கடிகாரமும் கைப்பையும். ஆள் வந்தால் தேன், பக்கங்களைப் படித்துப் பட்டியலிட வரும் கூகுளின் எந்திரம் வந்தால் ஜப்பானியக் கடை. அப்படி ஆள் பார்த்துப் பரிமாறுகிறது.

இதில் என் தப்பு இரண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ அனுப்பிய ஜிப் கோப்பிலிருந்து ஓசியாகப் போட்டது முதல் தப்பு, புகுந்ததே அதன் வழியாகத்தான். அப்புறம், சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படி வருகிறது என்று சொந்தக்காரர் பார்க்கும் கூகுள் பக்கம்) உங்கள் தளத்துக்குப் புதிய உரிமையாளர் சேர்ந்திருக்கிறார் என்று கூகுளிலிருந்து மெயில் வந்தது. அக்காதான் சேர்ந்திருப்பாள் என்று நான் நினைத்தேன், நான்தான் என்று அவள் நினைத்தாள். அந்த ஆளை நீக்கினால் மட்டும் போதாது, உரிமையை நிரூபிக்க அவன் தளத்தில் போட்டு வைத்த கோப்பையும் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வான். சுத்தம் செய்த பிறகும் ஜப்பானியப் பக்கங்கள் தேடலிலிருந்து முழுதாக மறைய மாதக்கணக்கானது.

வடசேரிக்காரன்

தேன் அக்கா, அதே சர்ச் கன்சோலில் ஒரு முகவரியைக் கொடுத்துச் சோதிக்கும் வசதி இருக்கிறது. கூகுள் எந்திரத்தின் கண்ணுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று காட்டும். இந்த மாதிரி இரட்டை வேஷத்துக்கு அதைவிட நல்ல கண்ணாடி இல்லை.

குளச்சல் காத்து

எல்லாரும் ஹேக் ஹேக் என்கிறீர்கள். எங்கள் சங்கத்துத் தளம் ஒரு நாள் டேட்டாபேஸ் இணைப்பில் பிழை என்று வெள்ளைப் பக்கம் காட்டியது. ஒருவர் வந்து பார்த்து, வைரஸ், சுத்தம் செய்யப் பதினைந்தாயிரம் என்றார். தலைவர் கொடுக்கத் தயாராகிவிட்டார். என் மச்சான் ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சி-பேனலில் நுழைந்து இடம் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்த்தான். துளிகூட இல்லை. ஒரு செருகுநிரல் நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு சின்ன எச்சரிக்கையைப் பதிவு செய்து, அந்தப் பதிவுக் கோப்பே நாலு ஜிபி. அதை அழித்து, அந்தச் செருகுநிரலை நிறுத்தியதும் தளம் எழுந்துகொண்டது. பதினைந்தாயிரம் கேட்டவர் இப்போதும் தெருவில் பார்த்தால் நன்றாகத்தான் சிரிக்கிறார்.

தோவாளைப் பிச்சி

நிஜமாகவே ஹேக் என்றால் எங்கே சொல்ல வேண்டும்?

வடசேரிக்காரன்

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள். எழுத்துப் புகாருக்கு மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளம் இருக்கிறது. தளத்துக்குள் ஊடுருவல் என்றால் செர்ட்-இன், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு. நிறுவனங்கள் கண்டுபிடித்த ஆறு மணி நேரத்துக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவே போட்டிருக்கிறார்கள். எனக்கு அது தெரிந்ததே பிறகுதான். ஆறு மணி நேரமாம், நான் நம்புவதற்கே மூன்று வாரம்.

இரணியல் தறி

இவ்வளவையும் வாசித்துவிட்டு எங்கள் ஜவுளிக்கடைத் தளத்தைத் தங்கச்சி போனில், கூகுள் வழியாகத் தொட்டுப் பார்த்தேன். ரம்மி.

வடசேரிக்காரன்

எதையும் அழிக்காதீர்கள். முதலில் கோப்புகளையும் டேட்டாபேஸையும் பதிவேட்டையும் இப்போது இருக்கிறபடியே ஒரு நகல் எடுங்கள். வாடிக்கையாளர் யாராவது முன்பே சொன்னார்களா?

இரணியல் தறி

அப்பாவிடம் கேட்டேன். ஓணத்திலிருந்தே சொல்கிறார்களாம். அவருக்கு நல்லாத்தான் திறக்குதாம்.