ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரணை) ஷரத்தில் மாட்டிக்கொண்டேன், தனி வக்கீல் வைக்கவா?

நூல்கண்டு: திருப்பூரில் ஜாப் ஒர்க் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். மும்பை பார்ட்டி 18 லட்சம் தரவேண்டும். எட்டு மாதம் கழித்து, பீஸ் சரியில்லை, பணத்தைக் கழித்துக்கொள்கிறேன் என்று டெபிட் நோட் அனுப்புகிறார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், தகராறு வந்தால் அவர்கள் எம்.டி. நியமிக்கும் நடுவர் மும்பையில் விசாரிப்பார் என்று ஒரு வரி. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டுக்குப் போகவா, ஆர்பிட்ரேஷன் வக்கீல் பிடிக்கவா?

கட்டுத்தறி: இரண்டும் வேண்டாங்க. 18 லட்சத்துக்கு 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி நடுவர் ஃபீஸே 90,500. ஒரே நடுவர் என்றால் அதன்மேல் 25 சதவீதம். பாதி உங்கள் தலையில். அப்புறம் வக்கீல், மும்பை ரயில். என் மச்சானுக்கு நடுவர் தீர்ப்பு சாதகமாகத்தான் வந்தது. எதிராளி அதை ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டில் பிரிவு 34-இல் மனு போட்டார், இன்னும் இழுக்கிறது. 12 லட்சத்துக்குப் பேசி முடியுங்கள்.

சிவப்புமை (வக்கீல்): ஆறு லட்சத்தை விட்டுக்கொடுக்கச் சொல்ல உங்களுக்கு எளிது. சிவில் கோர்ட்டுக்குப் போனால் பிரிவு 8 மனு போட்டு நடுவரிடமே தள்ளிவிடுவார்கள், அது வீண். ஆனால் எம்.டி. தன்னிச்சையாக நடுவரை நியமிப்பது செல்லாது. 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 30 நாளில் ஒத்துவராவிட்டால் பாம்பே உயர் நீதிமன்றம் நியமிக்கும். பிரிவு 34 மனு போட்டாலே தீர்ப்பு நின்றுவிடுவதெல்லாம் 2015 திருத்தத்துக்கு முந்தைய கதை. இப்போது தடையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டுத்தறி: வக்கீலுக்கு வக்கீல் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா?

சாயக்காரி: இருவரும் உத்யம் பதிவைக் கேட்கவே இல்லையே! சிறு, குறு நிறுவனமாகப் பதிந்திருந்தால் 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 18-இல், பாக்கி வசூலுக்கான அரசு கவுன்சிலுக்குப் போகலாம், தமிழ்நாட்டிலேயே. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் தடையில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2022 மகாகாளி ஃபுட்ஸ் தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது. வட்டி, வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. மும்பைக்காரர் கவுன்சில் தீர்ப்பை எதிர்த்துப் போக, அதில் சொன்ன தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். இந்த 75 தான் பேச்சுவார்த்தைக்கு ஆளை இழுத்துவரும்.

சிவப்புமை: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை செய்து கொடுப்பதற்கு முன்பே பதிவு இருக்கவேண்டும். கவுன்சிலில் முதலில் சமரசம், முடியாவிட்டால் ஆர்பிட்ரேஷன். 90 நாளில் முடிப்பார்கள் என்பது சட்டப் புத்தகத்தோடு சரி. தரம் சரியில்லை என்று அவர் வாதாடும்போது பதில் எழுத ஆள் வேண்டும்.

கட்டுத்தறி: கடைசியில் வக்கீலிடமே வந்து நிற்கிறது பாருங்கள்.

நூல்கண்டு: உத்யம் 2021-இல் எடுத்தேன், பில்கள் 2023. அது சரி. இப்போது சரக்கு கொடுத்த சலான் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பதினான்கில் மூன்றில் அவர்கள் ஆள் கையெழுத்தே இல்லை.

சிவப்புமை: அந்த மூன்றின் தொகை எவ்வளவு?