புனைவும் விசுவாசமும்: நண்பர்களோடு பகிர எந்த நூல்கள்?

கேள்வி:
எங்கள் சபை நண்பர்கள் சிலர் மாதந்தோறும் கூடி, தமக்குப் பிடித்த நூல்களை ஒருவருக்கொருவர் கொடுத்து வாசிக்கிறோம். சிலர் நாவல்களை மட்டுமே விரும்புகின்றனர். மற்றவர்கள் விசுவாச நூல்களைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. இரு சாராரும் மனமுவந்து வாசிக்கத்தக்க நூல்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ (1880) நாவலையே முதலில் சொல்வேன். நிலத்தில் விழுந்து செத்தால்தான் மிகுந்த பலன் தரும் என்னும், யோவான் நற்செய்தியின் கோதுமை மணி வசனத்தை முகப்பில் தாங்கிய அந்நாவல், குழந்தைகள் படும் துன்பத்தை முன்னிட்டு சகோதரர்களில் ஒருவனான இவான் எழுப்பும் கேள்விகளைச் சற்றும் மழுப்பாமல் வைக்கிறது. அதனால்தான் அவன் தம்பி அல்யோஷாவின் அன்பு நம்பத்தக்கதாகிறது. 1850இல் சைபீரியச் சிறைக்குச் செல்லும் வழியில், ஜார் ஆட்சியை எதிர்த்து நாடுகடத்தப்பட்ட டிசம்பர் கிளர்ச்சியாளர்களின் மனைவியர் அளித்த புதிய ஏற்பாட்டை தஸ்தயெவ்ஸ்கி இறுதிவரை போற்றி வைத்திருந்தார் என்பதையும் உங்கள் நண்பர்களிடம் கூறுங்கள். பெரிய நூலாதலால் ஒரே மாதத்தில் முடிக்க முயல வேண்டாம்.

மறுமொழி 2:
எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) என் தேர்வு. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட, விண்ணுலகு நோக்கிய பயணக் கதையைத் தமிழ்க் காப்பியமாகவே ஆக்கிவிட்டார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. செய்யுள் என்றதும் நாவல் வாசகர்கள் தயங்குவார்களே?

மறுமொழி 2:
முதலில் பனியனின் கதையை உரைநடையில் கொடுங்கள். பிறகு கிருஷ்ணபிள்ளையின் விருத்தங்களைக் கூட்டத்தில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும்.