இரண்டாவது விருப்பு வாக்கு போடலாமோ?

கேள்வி:
வவுனியாவில இருந்து எழுதிறன். செப்டம்பர் 21, 2024 ஜனாதிபதித் தேர்தலில தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு முதல் விருப்பா 1 போட முடிவெடுத்திட்டன். மற்ற வேட்பாளர்களுக்கு அடுத்த விருப்பா 2, 3 போட்டா அவருக்கு விழுற வாக்குப் பெறுமதி குறையுமோ? எங்கட ஒழுங்கை மாரியில குளமாகிடும், பிள்ளையள் செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகினம். வாக்குக் கேட்டு வந்த ஒருத்தரும் அதைக் கதைக்கேல்லை.

மறுமொழி:
குறையாது அண்ணை. ஒருத்தரும் பாதிக்கு மேல எடுக்காட்டித்தான் முதல் இரண்டு பேரையும் வைச்சுக்கொண்டு, மற்றவைக்கு விழுந்த சீட்டுகளில 2, 3 பார்ப்பினம்.

மறுமொழி:
ஒழுங்கைக்குப் பிரதேச சபையைத்தான் கேக்கவேணும், தம்பி.

கேட்டவர்:
விளங்கிச்சு, நன்றி. அப்ப 2ஐயும் யோசிச்சுத்தான் போடுவன். சபைத் தேர்தலைத்தான் எப்ப வைப்பினம்?