பசுமைக் குழுவில் பில்லுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் இருக்கிறாரா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மதுரைப் பக்கம், கல்லூரி ஆசிரியை

எங்கள் கல்லூரியின் பசுமை வளாகக் குழுவுக்கு 6 வருடமாக நான்தான் ஒருங்கிணைப்பாளர். கல்லூரிப் பெயர் வேண்டாம். உங்கள் இடத்தில் இந்த வேலை யார் கையில் இருக்கிறது, எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்கிறேன்.

குழு பிறந்ததே, கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் (NAAC) அமைப்பின் விசிட்டுக்காகத்தான். அவர்களுடைய ஏழாவது அளவுகோலில் மாற்று எரிசக்தி, நீர் சேமிப்பு, கழிவு மேலாண்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். எடுத்த இடம் பதிவான (ஜியோடேக்) படம், தணிக்கை அறிக்கை, பில். முதல்வர் சர்க்குலர் போட்டார். உறுப்பினர்கள் 14 பேர், எல்லாரும் ஆசிரியர்கள். தாவரவியல், விலங்கியல், வேதியியல், அப்புறம் என்.எஸ்.எஸ். அலுவலர். ஒரு டியூப்லைட்டை மாற்றச் சொல்லக்கூட எங்களில் யாருக்கும் அதிகாரம் இல்லை.

வெளியிலிருந்து ஆட்கள் வந்து எரிசக்தித் தணிக்கை செய்தார்கள். விடுதி மோட்டார் பலமுறை கம்பிச்சுற்று மாற்றி ரீவைண்டிங் ஆனது, கரண்ட் அதிகம் இழுக்கும், மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல அறிக்கை. 2 வருடம் பீரோவிலேயே இருந்தது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் பில் கட்டுவது அலுவலகம், மோட்டார் வாங்குவது பராமரிப்புப் பிரிவு, குழுவுக்கோ பட்ஜெட்டில் தனித் தலைப்பே கிடையாது. கரண்ட் மிச்சமானால் அது பொதுக் கணக்கில் கரைந்துவிடும், மோட்டார் செலவு மட்டும் பராமரிப்புப் பிரிவின் தலையில் விழும். அவர்கள் எதற்குக் கேட்டு வாங்கப் போகிறார்கள்?

புதிதாக வந்த நிதி அலுவலர் ஒரு நாள், “மேடம், இந்தக் கூட்டத்துக்கு என்னை ஏன் கூப்பிடுவதில்லை?” என்று கேட்டார். அதுவரை எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த கூட்டத்தில் அவர், எலெக்ட்ரீஷியன் அண்ணன், மெஸ் மேலாளர் மூவரும் உட்கார்ந்தார்கள். எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன விஷயம் தணிக்கை அறிக்கையில்கூட இல்லை. மேல்நிலைத் தொட்டியின் ஃப்ளோட் சுவிட்ச் போய்விட்டது, ராத்திரி யாரும் எழுந்து நிறுத்தாவிட்டால் தொட்டி நிரம்பித் தண்ணீர் பின்பக்கச் சாக்கடைக்குப் போகிறது. “இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை மேடம்” என்றார். அந்த வாரமே மாற்றியாயிற்று. பிறகு கட்டடத்துக்கு ஒரு சப் மீட்டர் வந்தது. எந்தக் கட்டடம் எவ்வளவு இழுக்கிறது என்று இப்போது மாதாமாதம் தெரிகிறது. மோட்டாரும் அதற்கப்புறம்தான் வந்தது.

வான்கூவரில் படித்தவன்

நான் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தேன். 1997லேயே அங்கே நிலைத்த வளர்ச்சிக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுவிட்டார்கள். கனடாவில் முதலில் அப்படிச் செய்த பல்கலைக்கழகம் அதுதான். மறு வருடமே தனி அலுவலகம் திறந்தார்கள். வகுப்பு முடித்துவிட்டு வந்து பார்க்கிற வேலையாக இல்லாமல், அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள்.

எனக்கு மிகவும் பிடித்தது சீட்ஸ் என்ற திட்டம். வளாகத்தை நடத்துகிற ஊழியர்கள் தங்களுக்கு நிஜமாகவே விடை வேண்டிய கேள்வியைக் கொடுப்பார்கள், மாணவர்கள் பாடத்தின் ஒரு பகுதியாக, ஆசிரியர் மேற்பார்வையில் அதை ஆராய்வார்கள். எங்கள் அணிக்கு வந்தது, குப்பைத் தொட்டிகளின் மேல் என்ன எழுதினால் மக்கள் சரியாகப் பிரித்துப் போடுவார்கள் என்ற கேள்வி. அறிக்கையை வாசித்துவிட்டு, தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற பிரிவிலிருந்து வந்தவர் கேட்ட முதல் கேள்வி, “பலகை ஒன்றுக்கு என்ன ஆகும்?” மதிப்பெண்ணைவிட அந்தக் கேள்விதான் எனக்குச் சந்தோஷம் கொடுத்தது.

1990ல் பிரான்சின் தல்வார் ஊரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள், சுற்றுச்சூழலைக் காக்கப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதன் பிறகு உலகெங்கும் நூற்றுக்கணக்கானவர்கள் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் மேடம் சொல்லும் கையெழுத்து பில்லில் போடுவது. அது வேறு.

சென்னை, விடுதி மாணவன்

எங்களுடையது சின்ன அனுபவம். 2016ல் வந்த திடக்கழிவு விதிகளில், குப்பையை எல்லாருமே உண்டாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று இருந்தது; நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் சேர்ந்தால், கல்வி நிறுவனமானாலும், பெரிய அளவில் குப்பை உண்டாக்குபவர் என்று கணக்கு. நாங்கள் 8 பேர் தராசு வாங்கி, ஒரு வாரம் தட்டில் மிஞ்சிய சோற்றை மட்டும் எடை போட்டோம். ஒரு நாளும் 100 கிலோவுக்குக் கீழே வரவில்லை.

வார்டனிடம் போனோம், அவர் டீனிடம் அனுப்பினார், டீன் ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்றார். ஒப்பந்ததாரர் அண்ணன் ஒப்பந்தத்தையே எடுத்துக் காட்டினார். குப்பையைப் பிரிப்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த டெண்டர் வரை காத்திருந்து, அந்த வரியைச் சேர்க்க வைத்தோம். இப்போது எங்களில் ஒருவருக்கு மெஸ் குழுவில் இடம் உண்டு.

மதுரைப் பக்கம், கல்லூரி ஆசிரியை

தம்பி, டெண்டரிலேயே சேர்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் மெஸ் ஒப்பந்தம் ஜூனில் புதுப்பிக்க வருகிறது. நீங்கள் சேர்த்த அந்த வரியை அப்படியே இங்கே போட முடியுமா? பிரிக்காவிட்டால் அபராதம் உண்டா, எடையை யார் குறித்து வைப்பது என்பதையும் சொல்லுங்கள். திங்கட்கிழமை நிதி அலுவலரிடம் காட்ட வேண்டும்.