மறு: ‘ஸ்கேட்போர்டு டெக்’: தளம் வேண்டாம், மணை என்போம்

குழுவினருக்கு வணக்கம். சறுக்குப்பலகையில் (ஸ்கேட்போர்டில்) கால் வைத்து நிற்கும் மரப்பகுதியான ‘டெக்’குக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் அண்ணன் இப்படி எழுதியிருந்தார்:

> ‘தளம்’ என்றால் எல்லாருக்கும் புரியும். ‘டெக் சைஸ்’ என்பதைத் ‘தள அளவு’ என்றே எழுதிவிடலாம்.

அண்ணனின் இந்த இரண்டு சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை.

தளம் என்ற சொல் ஏற்கெனவே பல வேலைகளைச் சுமக்கிறது. இணையத்தளம் இருக்கிறது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் பத்தாம் தளம் இருக்கிறது, கீழ்த்தளம் இருக்கிறது. ‘தளத்தைக் கீழ்த்தளத்தில் மறந்து வைத்துவிட்டேன்’ என்று ஒரு பிள்ளை எழுதினால் நமக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். சறுக்குப்பலகை என்பது முழுப்பொருளின் பெயராகிவிட்டதால் ‘பலகை’யும் உதவாது.

என் பரிந்துரை மணை. அம்மாவின் துருவுமணையை நினைத்துப் பாருங்கள். ஆள் ஏறி உட்கார ஒரு கட்டை; அதன் முனையில் பொருத்திய இரும்பு. அரிவாள்மணையும் அப்படித்தான். ஆளின் எடையைத் தாங்கி, கருவியையும் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் மரம்தான் மணை. ஏழு மேப்பிள் தகடுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் இந்த மரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. ‘மணை நகராத பொருளாயிற்றே’ என்று அக்கா கேட்டிருந்தார். சக்கரம் பூட்டாதவரை இதுவும் நகராது, அக்கா. பூட்டிய பிறகுதான் அது சறுக்குப்பலகை. மேலும், இந்தச் சொல் நன்றாகக் கிளைக்கிறது: முன்முனைக்கு மணைமூக்கு, பின்முனைக்கு மணைவால், மேற்புற வளைவுக்கு மணைக்குழிவு, படம் அச்சிடாததற்கு வெறுமணை.

அடுத்தது ‘அளவு’. இதில் நான் பட்டே தெரிந்துகொண்டேன். சென்ற மாதம் மகளின் மணை வால்பக்கம் பிளந்துபோனது. பழையதன் நீளத்தை நாடாவால் அளந்தேன்: 32 அங்குலம். அதே நீளத்தில் ஒன்றை வாங்கி வந்து, பழைய அச்சுகளையே பூட்டினேன். பூட்டி முடித்துக் கவிழ்த்துப் பார்த்தால், நான்கு சக்கரங்களும் மரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தன. பழைய மணையின் அகலம் 8.25 அங்குலம், புதியது 7.75. பக்கத்துக்குக் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தரையை உந்தும்போதெல்லாம் அவள் காலணி சக்கரத்தில் உரசியது. இரண்டாம் நாளே ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள்.

இந்த விளையாட்டில் 8, 8.25, 8.5 என்று சொல்லும் எண் அகலத்தைத்தான் குறிக்கிறது. பெரியவர்களுக்கான மணைகளின் நீளம் பெரும்பாலும் 31, 32 அங்குலத்தை ஒட்டியே நிற்கும். தேர்வு நடப்பது அகலத்தில். பலகையைக் காலால் சுழற்றி விளையாடுகிறவர்கள் குறுகலானதையும், குழிவான திடலில் வேகமாக இறங்கி ஏறுகிறவர்கள் அகலமானதையும் விரும்புவார்கள். எதை எடுத்தாலும் அச்சின் அகலம் அதற்கு இணையாக இருக்க வேண்டும். ‘அளவு’ என்று எழுதினால் தகப்பன்மார் என்னைப் போலவே நீளத்தைத்தான் அளப்பார்கள். ஆகவே மணையகலம். எந்தப் பக்கம் நாடாவை வைக்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடும்.

‘வீல்பேஸ்’ என்பதற்கு அச்சிடைத்தூரம் என்று முந்தைய மடலில் இருந்தது. காருக்கு அது சரி. மணையில் அளப்பது அச்சுக்கு அச்சு அன்று. முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு ஆணித்துளைகளில், உட்புறத் துளைகளுக்கு இடையே உள்ள தூரம். பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டியிருக்கும். நீண்டால் நிலைப்பு, குறைந்தால் விரைவான திருப்பம். இதைத் துளையிடை என்று சொல்லலாமா?

அச்சைத் தாங்கும் உலோகப் பாகத்துக்கு, அதாவது ‘டிரக்’குக்கு, ‘அச்சுத்தாங்கி’ என்று எழுதிப் பார்த்தேன். நாக்கில் நீளமாக இருக்கிறது. குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை மகளுடன் சாமர்செட் சறுக்குப்பலகைத் திடலுக்குப் போகிறேன். அங்கு வரும் நம் பிள்ளைகளிடம் மணையையும் மணையகலத்தையும் சொல்லிப் பார்த்து, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஞாயிறன்று எழுதுகிறேன்.

அன்புடன்,
தெம்பனிசிலிருந்து