ஜாவா கட்டாயச் சாகுபடி: டச்சு அட்டவணை படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். 1830இல் டச்சு கவர்னர் ஜெனரல் வான் டென் போஸ் ஜாவாவில் கொண்டுவந்த கட்டாயச் சாகுபடி முறை பற்றிக் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு தரவுத் தொகுப்பு தயாராகிறது. டச்சு தெரிந்தவர்களின் கை தேவை.

அளவுகளை மாற்றுவது இப்படி: 1 பிக்குல் = 61.76 கிலோ, 1 பௌ = சுமார் 0.71 ஹெக்டேர். டச்சுக் கணக்கில் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளிதான் தசமம். 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. ஸ்கேனை எழுத்தாக்கும் மென்பொருள் இதை ஒன்றேகால் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு எண்ணையும் மூலப் படத்தோடு ஒப்பிட்டே ஏற்ற வேண்டும்.

பெரிய சிக்கல் காப்பியில்தான். கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசு கேட்கும் பயிருக்கு ஒதுக்க வேண்டும் என்பது ஏட்டில் இருந்த விதி. கரும்பு நெல் வயலில் ஏறியது, பரப்பாக அளந்துவிடலாம். காப்பியோ பெரும்பாலும் மலைச்சரிவில், குடும்பத்துக்கு இத்தனை மரம் என்று சுமத்தப்பட்டது. நட்டு, களை எடுத்து, காய்களைக் கிடங்குவரை சுமந்து போனதெல்லாம் பரப்புக் கணக்கில் வராது. பயிர்களை வெறும் பௌ கணக்கில் கூட்டினால் அந்த மக்கள் பட்ட பாடு பாதி மறைந்துபோகும். இது நடக்கவே கூடாது.

மரக் கணக்கை உழைப்பு நாளாக மாற்ற நம்பகமான வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளைச்சலுக்கு ஏற்ப அதிகாரிகளுக்குக் கிடைத்த கமிஷன் தனிப் பத்தியாக உள்ள அட்டவணை, மத்திய ஜாவாவின் டெமாக், குரோபோகான் பகுதிகளின் 1849-50 பஞ்சத்துக்கு முந்தைய, பிந்தைய மக்கள்தொகைக் கணக்கு, இவை எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில் என்று குறித்தாலும் போதும். 1870க்கு முந்தைய மாவட்ட எல்லை வரைபடம் இருந்தால் அதையும் பகிருங்கள்.