ஸ்கோரிங் ஒப்பீட்டுத் தேர்வில் எல்லோரும் பாஸ், ரிப்போர்ட் மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி: உங்கள் அனுபவம் என்ன?

மூன்றாம் சாமம்

எங்கள் ஸ்லீப் லேபில் ஸ்கோரர் (இரவு ரெக்கார்டைப் பார்த்துத் தூக்க நிலைகளையும் மூச்சுத் தடைகளையும் குறிப்பவர்) எல்லோருக்கும் ஒரே ரெக்கார்டைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை நடந்துவந்தது இதுதான்: 200 எபோக் (ரெக்கார்டின் 30 விநாடித் துண்டுகள்), 85 சதவீதம் ஒத்துப்போனால் பாஸ், கோப்பில் கையெழுத்து, முடிந்தது கதை. ஆள் மாற்றி ஆள் எல்லோரும் பாஸ்.

ஆனால் டாக்டர் மேஜைக்குப் போகும் ரிப்போர்ட்டைப் பார்த்தால், பெயரைப் பார்க்காமலே யார் ஸ்கோர் செய்தது என்று சொல்லிவிடலாம். ஒருவர் கையில் என்3, அதாவது ஆழ்ந்த தூக்கம், கொட்டும், இன்னொருவர் கையில் வறண்டு கிடக்கும். இந்தத் தேர்வை உருப்படியாக நடத்துபவர்கள் யாராவது இருந்தால் உங்கள் லேபில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

எபோக் எண்ணி

சார், அந்த 85 சதவீதம் ஒரு போர்வை. விலக்கிப் பார்த்தால்தான் உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி நடத்தும் ஒப்பீட்டுத் திட்டத்தின் தரவை வைத்து ரோசன்பர்க், வான் ஹவுட் இருவரும் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2,500க்கும் மேற்பட்ட ஸ்கோரர்கள். மொத்தத்தில் ஒத்துப்போனது 82.6 சதவீதம். பிரித்துப் பார்த்தால் கனவுத் தூக்கமான ரெம் 90.5, நடுத்தரத் தூக்கமான என்2 85.2, என்3 67.4, லேசான தொடக்கத் தூக்கமான என்1 வெறும் 63. அதனால் உங்கள் லேபில் என்3இல் இழுபறி வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தூக்கத்தில் பெரும்பங்கு என்2. அது நிரம்பிய பகுதியாகப் பார்த்து 200 எபோக் எடுத்துக் கொடுத்தால் நேற்று சேர்ந்தவர்கூட பாஸ் ஆகிவிடுவார். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 200 எபோக்கில் நான் 10 எபோக்கை என்1 என்கிறேன், நீங்களும் 10 என்கிறீர்கள், இரண்டிலும் பொதுவாக இருப்பது 4தான். என்1 எது என்பதில் பாதிக்கு மேல் நமக்குள் ஒத்துவரவில்லை. ஆனால் என்1 உண்டு, இல்லை என்று மட்டும் எண்ணினால் 200இல் 188 ஒத்துப்போகிறது, அதாவது 94 சதவீதம்! ஜேக்கப் கோஹன் 1960இல் கொடுத்த கப்பா அளவு, தற்செயலாகவே ஒத்துப்போகக்கூடியதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கிறது. அந்தக் கணக்கில் இதே ஜோடிக்குக் கிடைப்பது 0.37. முழு ஒற்றுமை என்றால் 1 வர வேண்டும்.

எங்கள் லேபில் இப்போது மொத்தச் சதவீதத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. விழிப்பு, என்1, என்2, என்3, ரெம் என்று ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, யார் எதை எதுவாக எழுதுகிறார்கள் என்று பார்க்கிறோம். ஒருவர் என்3ஐ என்2 ஆக்குகிறார், ஒருபோதும் மறுபக்கம் போவதில்லை என்றால் அவரிடம் ஏதோ ஒரு நிலையான சாய்வு இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்கலாம். இரண்டு பக்கமும் சிதறினால் பெரும்பாலும் அந்த ரெக்கார்டே குழப்பமானது, ஆளைத் திட்டிப் பயனில்லை.

ஸ்பிண்டில்

சாய்வு என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பு நான் இருந்த லேபில் ஒரு சீனியர் மேடம். விதிப்புத்தகம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒப்பிட்டால் என்3 மட்டும் எப்போதும் மற்றவர்களைவிடக் குறைவு. கேட்டால், "பேஷண்ட் வயசைப் பாரும்மா, ஸ்லோ வேவ் குறையத்தானே செய்யும்" என்பார்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே எபோக்கை இரண்டு ஸ்கிரீனிலும் திறந்தோம். என் ஸ்கிரீனில் நெற்றிப் பக்கத்து அலைகள், ஸ்லோ வேவாக எண்ணத் தேவையான 75 மைக்ரோவோல்ட் கோட்டைத் தாண்டி நிற்கின்றன. அவர் ஸ்கிரீனில் அதே அலைகள் கோட்டுக்குக் கீழே படுத்துக் கிடக்கின்றன. அப்புறம்தான் பார்த்தோம், அவருடைய வியூவில் இ.இ.ஜி.யின் (மூளை அலைப் பதிவின்) லோ ஃபில்டர், அதாவது மெதுவான அலைகளை வடிகட்டும் செட்டிங், 1 ஹெர்ட்ஸில் நிற்கிறது. இருக்க வேண்டியது 0.3. என்3இன் அடையாளமான ஸ்லோ வேவ் என்பதே 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் வரைதான். அதில் மெதுவானவற்றின் உயரத்தை ஃபில்டர் தின்றுவிட்டது. 30 விநாடியில் 6 விநாடி தேறினால் என்3, அவருக்கு அந்த ஆறு தேறவே இல்லை. வியர்வையில் பேஸ்லைன் ஆடிய ஏதோ ஒரு ரெக்கார்டுக்காக எப்போதோ மாற்றியது, அப்படியே சேவ் ஆகிவிட்டிருக்கிறது.

தன் கண்ணுக்குத் தெரிந்ததை அவர் விதிப்படிதான் ஸ்கோர் செய்திருக்கிறார், பாவம். யாரையாவது மறுபயிற்சிக்கு அனுப்பும் முன் அவருடைய செட்டிங்கைத் திறந்து பாருங்கள் என்பேன்.

கண்விழி

தேர்வு என்று தெரிந்தால் எல்லோருக்கும் கை மாறிவிடும், இதை யாரும் சொல்லவில்லையே. எபோக் எபோக்காக நின்று யோசிப்பார்கள், விதிப்புத்தகத்தைப் புரட்டுவார்கள். அன்றாட வேலையில் எட்டு மணி நேர ரெக்கார்ட் என்றால் 960 எபோக், யார் அப்படி நிற்பார்கள்? நாங்கள் பெயர், தேதி எல்லாம் நீக்கிய பழைய ரெக்கார்டைப் புது எண் போட்டு வழக்கமான வரிசையிலேயே நுழைத்தோம். இப்படி அவ்வப்போது நடக்கும் என்று முன்பே எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, எது என்றுதான் சொல்லவில்லை. சிலருக்கு அவர்களே முன்பு ஸ்கோர் செய்த ரெக்கார்ட் திரும்பப் போனது. தன்னோடு தானே ஒத்துப்போகாதது தெரிந்தபோது கொஞ்சம் மனக்கசப்பு இருந்தது, மறைப்பானேன்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. இரவுப் பணியில் இருந்தவர் "பலத்த குறட்டை, மூச்சு நிற்கிறது" என்று எழுதிய குறிப்போடு ரெக்கார்டைக் கொடுத்தால் ஹைபோப்னியா (மூச்சு முழுதாக நிற்காமல் குறைந்துபோகும் நிகழ்வு) தாராளமாக விழுகிறது. குறிப்பை எடுத்துவிட்டுக் கொடுத்தால் அதே ஆட்களே சிக்கனமாகிவிடுகிறார்கள். அதற்காகக் குறிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வுக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள்.

மாஸ்க் மாமா

தூக்க நிலையோடு நிறுத்திவிடாதீர்கள் தம்பி. பேஷண்டுக்குக் கிடைக்கும் முத்திரை ஏ.ஹெச்.ஐ.யை (தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணை) வைத்துத்தான். லேசானது, மிதமானது, கடுமையானது தொடங்கும் இடமாக 5, 15, 30 என்று மூன்று கோடு. 6 மணி நேரத் தூக்கத்தில் 87 நிகழ்வு என்றால் 14.5, லேசானது. இன்னொருவர் அதே 87ஐ அப்படியே வைத்துக்கொண்டு, நிகழ்வே இல்லாத 40 எபோக்கை மட்டும் விழிப்பு என்று மாற்றினால் தூக்கம் 20 நிமிடம் குறையும், ஏ.ஹெச்.ஐ. 15.4 ஆகிவிடும். ஒரு நிகழ்வில்கூடக் கை வைக்காமல் மிதமானது ஆகிவிட்டது! என்1க்கும் விழிப்புக்கும் நடுவில் உள்ள இழுபறியைச் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் சொல்கிறேன். கண் மூடியும் ஆல்ஃபா (விழித்தபடி கண் மூடும்போது வழக்கமாக வரும் மூளை அலை) வராத பேஷண்ட் வந்தால் இந்த இழுபறி இரட்டிப்பாகும்.

மூன்றாம் சாமம்

எல்லோருக்கும் நன்றி. மேடம் கதையைப் படித்ததும் எங்கள் நாலு சிஸ்டத்தையும் திறந்து பார்த்தேன், ஃபில்டர் சரியாகவே இருக்கிறது. ஆக எங்கள் சாய்வு வேறெங்கோ ஒளிந்திருக்கிறது. ஒரு சந்தேகம்: அரௌசலை (தூக்கத்துக்கு நடுவில் மூளை சில விநாடி விழிப்பதை) எப்படி ஒப்பிடுகிறீர்கள்? ஒருவர் குறித்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொருவர் குறிக்கிறார், சில நேரம் அது அடுத்த எபோக்கிலேயே போய் விழுகிறது.

எபோக் எண்ணி

எபோக் எல்லையை மறந்துவிடுங்கள், தொடங்கும் நேரத்தை வைத்து ஜோடி சேருங்கள். முன்பின் எத்தனை விநாடி வரை ஒன்றாகக் கொள்வது என்பதைத் தேர்வுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், பிறகு பேரம் கூடாது. ஜோடி சேராமல் நிற்பவற்றை எடுத்து மூன்று விநாடி நீளம் இருக்கிறதா, முன்னால் பத்து விநாடி நிலையான தூக்கம் இருக்கிறதா, ரெம் என்றால் தாடை இ.எம்.ஜி. (தசை இயக்கப் பதிவு) கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். எங்களிடம் பாதிச் சண்டை ரெம்மில் அந்தத் தாடையைப் பார்க்காததால்தான். முக்கியமாக, ஹைபோப்னியாவுக்கு ரத்த ஆக்சிஜன் 3 சதவீதம் குறைவது அல்லது அரௌசல் என்ற விதியா, ஆக்சிஜன் 4 சதவீதம் குறைய வேண்டும் என்ற விதியா என்று எல்லோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே பதில் வரும் என்று நம்பிக் கேட்காதீர்கள்.